பதினேழரை குரோஸ்

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். இரண்டாம் வகுப்புப் பாதியோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்தச் சொல்லுக்கு நடுவில் ஒற்று வரும், எதில் வராது என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. இதில் பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். எண்ணிக்கையில் மட்டும் என்னைத் திருத்த யாரும் வரவேண்டியதில்லை. ஏழு வயதில் பெட்டி எண்ண ஆரம்பித்த கை இது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளினால் எத்தனை என்று விரலே சொல்லிவிடும். என் மருமகள் செல்போனைத் தட்டிக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டிருப்பேன், விடையும் சொல்லியிருப்பேன்.

அப்படிப்பட்ட எனக்கும் ஓர் எண்ணைக் கேட்டால் மட்டும் இந்த வயதிலும் வெற்றிலை மடிக்கிற கை பாதியில் நின்றுவிடும். போன தீபாவளி சீசனில் அதைக் கேட்கும்படி ஆயிற்று.

அச்சங்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பெனியிலிருந்து கம்பி மத்தாப்புப் பெட்டிகளுக்கு லேபில் ஒட்டும் வேலையை மருமகள் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வேன்காரப் பையன் மூட்டைகளை இறக்கிவிட்டு, "பதினேழரை குரோஸ் இருக்கு, எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"அதென்ன அத்தை அரை? குடுத்தா பதினேழு குடுக்கணும், இல்ல பதினெட்டு குடுக்கணும்" என்றாள் மருமகள்.

ஒரு குரோஸுக்கு நூற்று நாற்பத்து நான்கு பெட்டி. பதினேழரை குரோஸ் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. ஐம்பது வருசத்துக்கு முன்னால் அந்த எண் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு சனிக்கிழமை முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இன்றைக்குப் போல மூலைக்கு மூலை பட்டாசுக் கம்பெனி அன்றைக்குக் கிடையாது. தீப்பெட்டிதான். கம்பெனி வண்டி வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை, வந்து காகிதம்போல மெல்லிசாகச் சீவின மரச்சில்லும் நீலக் காகிதமும் லேபிலும் கொடுத்துவிட்டுப் போகும். வீட்டில் மைதாப் பசை காய்ச்சி, சில்லை மடித்து, அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டி, ஒன்றை ஒன்றுக்குள் செருகி, லேபில் ஒட்டி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். குச்சி அடைப்பதும் பக்கவாட்டில் மருந்து பூசுவதும் கம்பெனியில். வெறும் பெட்டி வரைக்கும்தான் நாங்கள்.

அந்த வருசம் மழை பொய்த்துவிட்டது. மானாவாரிக் கரிசலில் போட்ட கம்பு கருகிப்போய், அய்யா வேலை தேடித் தேனிப் பக்கம் போயிருந்தார். வீட்டில் அம்மா, பதினைந்து வயது அக்கா, நான், ஒரு ஆடு. பெட்டி ஒட்டினால் அடுப்பு எரியும்.

ஒட்டிய பெட்டிகளைச் சரிபார்த்து எடுத்துப்போக ஒருத்தர் வருவார். வயது ஐம்பதுக்குக் குறையாது. அம்மா அவரை அண்ணாச்சி என்பாள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் பலகைக்காரர். கக்கத்தில் எப்போதும் ஒரு நீளப் பலகை வைத்திருப்பார், இழைத்து இழைத்து வழவழவென்று இருக்கும். அவர் பெட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற ஆள் இல்லை. இரண்டாயிரத்தைந்நூறு பெட்டியை வீடு வீடாக எண்ணிக்கொண்டிருந்தால் அவர் வண்டி என்றைக்கு ஊர்போய்ச் சேருவது? அவர் வழியே வேறு. வாசலில் வந்து நின்றதும் ஓர் எண்ணைச் சொல்வார். ஒரு வாரம் "ஏழு" என்பார், மறு வாரம் "ஒன்பது" என்பார். ஐந்துக்குக் கீழே இறங்க மாட்டார், பத்துக்கு மேலே ஏற மாட்டார். ஏழு என்றால் அவர் கண் முன்னாலேயே பெட்டிகளை ஏழு ஏழாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்குகளைப் பாயில் நெருக்கி வைக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் பலகையை எடுத்து மேலாக ஒரு இழுப்பு இழுப்பார். எல்லா அடுக்கும் ஒரே மட்டமாக இருந்தால் எண்ணிக்கை சரி. எங்காவது குழி விழுந்தால் குறை.

அதில்தான் அந்தப் பதினேழரையின் சூட்சுமம் இருந்தது. மற்ற கம்பெனிகள் முழு குரோஸாகத்தான் கொடுக்கும். எங்கள் கம்பெனி மட்டும் வீட்டுக்கு வாரம் பதினேழரை என்று அரை சேர்த்துக் கொடுக்கும். எதிர் வீட்டுச் சித்தி ஒரு நாள் வாயைக் கொடுத்துக் கேட்டுவிட்டாள், "எதுக்கு அண்ணாச்சி இந்த அரை?" என்று.

"அஞ்சுலருந்து பத்து வரைக்கும் எவனை வேணும்னாலும் இதுக்குள்ள விடு தாயி. அம்புட்டுப் பேரும் அண்ணந்தம்பியா மட்டமா உக்காருவான். ஒரு பெட்டி கொறஞ்சா அம்புட்டுப் பேரும் காட்டிக் குடுத்துருவான். நான் எவனைக் கூப்புடுவேன்னு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாசல்ல வந்து நின்னதும் வாயில வர்றவன்தான்."

"பதினொண்ணு?" என்றாள் சித்தி.

"பதினொண்ணு மட்டும் பங்காளி. அவனோட ஒத்துப்போகாது. ஒருத்தனைத் தூக்கி வெளிய நிறுத்திட்டுத்தான் மிச்சப் பேரை உக்காரவைப்பான். அதனாலதான் அவனை நான் கூப்புடுறதே இல்லை."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது.

குறை விழுந்தால் முதல் தடவை சொல்லிவிட்டுப் போவார். இரண்டாம் தடவை தலையை ஆட்டிவிட்டுப் போவார். மூன்றாம் தடவை அந்த வீட்டுக்குச் சில்லு நின்றுவிடும். அது அவர் போட்ட சட்டம் இல்லை, கம்பெனிச் சட்டம். எதிர் வீட்டுச் சித்திக்கு அப்படித்தான் நின்றது. அதற்குப் பிறகு அவள் விடியும் முன்னே கரி மூட்டத்துக்குக் கருவேல் வெட்டப் போய்விட்டு, கையெல்லாம் முள் குத்தி வந்து உட்காருவாள். எங்கள் வீட்டிலும் அந்த வருசம் இரண்டு குறை விழுந்திருந்தது. ஒன்று எலி இழுத்தது. இன்னொன்று எப்படிப் போயிற்று என்று கடைசி வரை தெரியவில்லை. அதிலிருந்து வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா சரியாகச் சாப்பிட மாட்டாள்.

இவ்வளவும் தெரிந்துதான் நான் ஒரு பெட்டியை எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி லேபிலை அக்கா ஒட்டி முடித்தாள். உடைசலுக்கென்று சில்லு கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். லேபில் மட்டும் ஒன்றுகூடக் கூட வராது. லேபில் தீர்ந்தால் எண்ணிக்கை முடிந்தது என்று அர்த்தம். அம்மா நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்போது என் பாவாடை மடியில் ஒரு பொன்வண்டு இருந்தது. காலையில் கொடுக்காப்புளி மரத்தில் பிடித்தது. பச்சையும் தங்கமுமாக அது மின்னுவதைப் பார்த்தால் அதை வெறும் மடியில் வைத்திருக்க மனசு வராது. வெறும் ஓட்டைப் பெட்டி வீட்டில் எத்தனையோ கிடந்தன. எனக்கு லேபில் ஒட்டிய புதுப்பெட்டிதான் வேண்டியிருந்தது. காலையில் பலகைக்காரர் வருவதற்கு முன்னால் திருப்பி வைத்துவிடலாம் என்று, வண்டையும் நாலு இலையையும் உள்ளே வைத்து, ஆட்டுத் தீனிக்குக் குவித்திருந்த சோளத்தட்டைப் படப்புக்குள் செருகிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி இல்லை. ஆடு கயிற்றின் நீளம் முழுக்க இழுத்துக்கொண்டு படப்புக்குப் பக்கத்தில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. மைதாப் பசை என்றால் ஆட்டுக்கு உயிர். கீழே விரல் அகலத்துக்கு ஒரு நீலக் காகிதமும் லேபிலில் ஒரு மூலையும் கிடந்தன. வண்டு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி படப்பின் மேலே உட்கார்ந்திருந்தது. அதை ஏறிட்டுப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவும் அக்காவும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பினார்கள். ஊர்க் கிணறு வற்றி, ஒரு மைலுக்கு அப்பால் தோட்டத்துக் கிணற்றில் ஊறின தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டும். உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்புவார்கள்.

"ஏட்டி, ஆடு கோழி அண்டாமப் பாத்துக்கோ. அண்ணாச்சி வந்தா இருக்கச் சொல்லு" என்றாள் அம்மா.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முந்தின ராத்திரி கஞ்சியை அவள் அப்படியே மூடி வைத்ததை நான் பார்த்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் பாயை விரித்து, பெட்டிகள் இருந்த ஓலைக் கடகங்களைக் கவிழ்த்து, ஐந்து ஐந்தாக அடுக்க ஆரம்பித்தேன். ஏன் அடுக்கினேன் என்று கேட்டால், ஏதாவது ஓர் எண்ணிலாவது குறை தெரியாமல் போகும் என்று ஒரு நப்பாசை. அந்த எண்ணைப் பலகைக்காரர் சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்ளலாம் அல்லவா? ஐந்து ஐந்தாக அடுக்கினேன். கடைசி அடுக்கில் நாலு நின்றது. ஐந்தையும் ஐந்தையும் சேர்த்துப் பத்தாக்கினேன். கடைசியில் ஒன்பது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றை உருவி ஒன்பதாக்கினேன். உருவியதையும் அடுக்கினேன். கடைசியில் எட்டு. எட்டாக்கினேன். கடைசியில் ஏழு. ஏழாக்கினேன், ஆறு.

கூடக் குறைய நின்றாலும் பரவாயில்லை. நாலு குறையட்டும், இரண்டு மிஞ்சட்டும். அப்படி இல்லை. எப்படி மாற்றினாலும் கடைசி அடுக்கில் சரியாக ஒரே ஒரு பெட்டி குறைந்தது. நான் எந்தப் பக்கம் ஓடினாலும் அந்த ஒன்று எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, இவள்தான், இவள்தான் என்று சொல்கிற மாதிரி இருந்தது. ஆறை அடுக்கிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

முற்றத்து நிழல் சுவரோடு ஒட்டிவிட்டது. பலகைக்காரர் வருகிற நேரம். எதிர் வீட்டுச் சித்தி வாசலில் உட்கார்ந்து ஊக்கால் உள்ளங்கை முள்ளை நெம்பிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஊர் மாரியம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, பொங்கலுக்கு வாங்கித் தருவதாகச் சொன்ன சிவப்பு ரிப்பனை உனக்கே தந்துவிடுகிறேன், அந்த ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். ரிப்பன் கைக்கு வராத ரிப்பன்தான். இருந்தாலும் எனக்கு அதைவிடப் பெரிதாகக் கொடுக்க ஒன்றும் இல்லை.

கும்பிட்டுவிட்டு எல்லாவற்றையும் கலைத்து மறுபடியும் பத்து அடுக்கினேன். பத்து நிறைவான எண், அம்மனுக்கும் அதுதான் பிடிக்கும் என்று ஒரு நினைப்பு. இந்தத் தடவை வாய்விட்டு எண்ணிக்கொண்டே அடுக்கினேன். எங்கள் வீட்டில் எதை அளந்தாலும், எதை எண்ணினாலும் முதலாவதை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்போம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். பள்ளிக்கூடத்திலோ ஒன்று என்று ஆரம்பிக்காவிட்டால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். அன்றைக்கு என் வாயில் என்ன வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. கை ஓடியது. வாய் ஓடியது. வண்டி மாட்டுச் சலங்கை எங்கேயாவது கேட்கிறதா என்று காது தெருவில் இருந்தது.

கடைசி அடுக்கு வந்தது. கடகத்தில் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றும் மிச்சம் இல்லை. அடுக்கைப் பார்த்தேன். பக்கத்து அடுக்கோடு மட்டமாக நின்றது. குனிந்து, கன்னத்தைப் பாயில் வைத்து, கண்ணைப் பெட்டிகளின் மேல்மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு குழி இல்லை. மெழுகிய தரை மாதிரி நீலமாக விரிந்து கிடந்தது. பாயின் ஓரத்தில் முன்னைவிட இடம் மிஞ்சியிருந்தது. அதைக்கூட நான் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொண்டேன்.

அம்மன் கொடுத்துவிட்டாள். ஆட்டு வயிற்றிலிருந்து எடுத்தாளோ, எங்கிருந்து எடுத்தாளோ, கொடுத்துவிட்டாள். அடுத்த கவலை உடனே பிடித்துக்கொண்டது. பத்தில்தான் கொடுத்திருக்கிறாள். அவர் வேறு எண்ணைச் சொல்லிக் கலைத்துவிட்டால் கொடுத்ததை எடுத்துக்கொள்வாளோ என்னவோ?

சலங்கை கேட்டது. பலகைக்காரர் தெருமுனையிலேயே பீடியைத் தரையில் நசுக்கிவிட்டு வந்தார். பெட்டி இருக்கிற வீட்டுக்குள் அவர் ஒருநாளும் நெருப்போடு நுழைந்ததில்லை. வாசலில் நின்று வாயைத் திறந்தவர், பாயைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"வீட்ல ஆரும் இல்லையா புள்ள?"

"தண்ணிக்குப் போயிருக்காக."

"இது ஆரு அடுக்குனது?"

"நாந்தான். பத்துப் பத்தா அடுக்கிட்டேன். நீங்க இன்னைக்குப் பத்துன்னுதான சொல்வீக?"

"நான் வாயத் தொறக்கு முன்னாடியே ஒங்காதுல விழுந்துருச்சாக்கும்" என்றார்.

கலைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பாய் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பலகையை இழுத்தார். சர்ரென்று போயிற்று. குறுக்கே திருப்பி இன்னொரு தடவை இழுத்தார். எங்கேயும் தட்டவில்லை, எங்கேயும் இறங்கவில்லை. என் முகத்தில் பெருமை தெரிந்திருக்க வேண்டும். அவர் என்னையே பார்த்தார். பிறகு ஓர் அடுக்கின் மேல் விரல் நகத்தை வைத்து, ஒவ்வொரு பெட்டியாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார்.

"லாபம், ரெண்டு, மூணு..." கடைசிப் பெட்டியில் நகம் நின்றது. "பதினொண்ணு."

பக்கத்து அடுக்கையும் அப்படியே பார்த்தார். அதுவும் பதினொன்று என்றார். இவ்வளவு பெரிய மனுசருக்கு எண்ணத் தெரியவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

"பத்து" என்றேன்.

"நீ எண்ணு, பாப்பம்."

நானும் நகத்தை வைத்தேன். "லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று பத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வெகுநேரம் ஆயிற்று.

"இது அம்மா சொல்லிக் குடுத்த எண்ணா, வாத்தியார் சொல்லிக் குடுத்த எண்ணா?"

"ரெண்டுந்தான்" என்றேன்.

அவர் உதடு அசைய அடுக்குகளை எண்ணினார், பெட்டிகளை அல்ல. அவர் எண்ணி முடிப்பதற்கும் அம்மாவும் அக்காவும் இடுப்பில் குடத்தோடு உள்ளே வருவதற்கும் சரியாக இருந்தது. அம்மா பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைக்கவில்லை.

"நீங்க நம்பரே சொல்லலையே அண்ணாச்சி, அதுக்குள்ள எப்படி..."

"ஒம்மக சொல்லிட்டா தாயி. பதினொண்ணாம்."

அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஏன் வெளுக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பலகைதான் மட்டமாகப் போய்விட்டதே, ஒரு குழிகூட இல்லையே, இதற்குச் சந்தோசப்படாமல் இவள் ஏன் இப்படி நிற்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

பலகைக்காரர் சட்டைப்பையில் கையை விட்டு, அவர் பீடி பற்றவைக்கிற தீப்பெட்டியை எடுத்தார். எங்கள் கம்பெனிப் பெட்டிதான். அதைத் திறந்து, உள்ளே இருந்த குச்சிகளை உள்ளங்கையில் கொட்டி, அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெறும் பெட்டியை மூடி, பாயில் நான் அடுக்கிய அடுக்குகளுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகத் தனியே வைத்தார்.

மெழுகியது போலக் கிடந்த மட்டத்துக்குப் பக்கத்தில் அந்த ஒற்றைப் பெட்டி பள்ளத்தில் விழுந்த மாதிரிக் கிடந்தது. அதுவும் பக்கமெல்லாம் குச்சி உரசிக் கீறல் விழுந்த, வேர்வை பட்டு முனை மழுங்கிய பெட்டி. இப்போது பலகையை இழுத்தால் கிணறு மாதிரிக் குழி தெரியும். அம்மன் கொடுத்ததை இந்த ஆள் கெடுக்கிறார்.

"அது எங்க பெட்டி இல்ல" என்றேன். கத்தியே விட்டேன் என்று நினைக்கிறேன். "எங்க பெட்டில கீறல் இருக்காது. அதை எடுங்க."

அக்கா பின்னாலிருந்து என் தொடையைக் கிள்ளினாள். அம்மா குடத்தோடு இரண்டு எட்டில் வந்து ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள்.

"ஒங்க பெட்டிதான் புள்ள. போன வாரமோ எந்த வாரமோ எங்கூட வந்துருச்சு" என்றார் பலகைக்காரர். அம்மாவைப் பார்க்காமல், பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பதினேழரை குரோஸ். சரியா இருக்கு. ஏத்துங்க."

அந்த ஒற்றைப் பெட்டியையும் எங்கள் பெட்டிகளோடு சேர்த்துக் கடகத்தில் போட்டுத் தூக்கினார்கள். வண்டியில் எங்களுக்கு அடுத்த வாரத்துச் சில்லுக்கட்டு இருந்தது. அதை அவரே இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார். சில்லு வந்துவிட்டது என்று எனக்கு உயிர் திரும்பியது. ஆனாலும் அவர்மேல் இருந்த ஆத்திரம் போகவில்லை.

அம்மா அதற்கு மேல் ஒரு காரியம் செய்தாள். மேலத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு சொம்பு மோர் வாங்கி வந்தாள். ஊரே தண்ணீருக்கு அலைகிற நாளில், அய்யாவுக்கு மட்டும் எடுக்கிற பித்தளைத் தம்ளரில் ஊற்றி, உப்புப் போட்டு, "குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று இரண்டு கையாலும் நீட்டினாள். என் மட்டத்தைக் கெடுத்தவருக்கு மோர். அடுக்கிய எனக்கு ஒரு மடக்கு கிடையாது. அவர் நின்றபடியே குடித்துவிட்டு, தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

என்னிடம் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு எந்த வருசமும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஆட்டுக் கயிற்றை ஒரு முழம் குறைத்துக் கட்டியதை மட்டும் பார்த்தேன்.

பலகைக்காரரை நான் அதற்குப் பிறகு மதிக்கவே இல்லை. அவர் வந்தால் உள்ளே போய்விடுவேன். வளர்ந்து, வயதுக்கு வந்து, அச்சங்குளத்தில் வாக்கப்பட்டு வந்த பிறகும், யாராவது அவர் பேச்சை எடுத்தால், "எண்ணத் தெரியாத மனுசன்" என்று ஒரு சொல் சொல்லாமல் விட்டதில்லை. அவர் செத்த சேதி வந்தபோதும் எனக்கு அந்தக் கீறல் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

போன சீசனில் வேன்காரப் பையன் பதினேழரை என்று சொல்லிவிட்டுப் போனதும், மருமகளுக்குப் பதில் சொல்லாமல் நான் பாயை விரித்தேன். மத்தாப்புப் பெட்டிகளைக் கவிழ்த்து, அன்றைக்கு எண்ணின மாதிரியே லாபம், ஒண்ணு, ரெண்டு என்று பத்து வரைக்கும் சொல்லி அடுக்கினேன்.

"இதென்ன அத்தை, பதினொண்ணு பதினொண்ணா அடுக்குறீக? ஆரும் இப்படி அடுக்குவாகளா?"

"சும்மா இரு."

அவளும் செல்போனை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருநூற்று இருபத்தொன்பது அடுக்கு ஆயிற்று. எல்லாம் மட்டம். என் கையில் ஒரு பெட்டி மிஞ்சி நின்றது.

"ஒண்ணு கூடக் குடுத்துட்டானா அத்தை?"

"இல்லடி. சரியாத்தான் குடுத்திருக்கான்" என்றேன். சொல்லிக்கொண்டே அந்த ஒற்றைப் பெட்டியை அடுக்குகளுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக வைத்தேன்.

எண்ணிக்கை நிறைவாக இருந்தால் பதினொன்றில் ஒரு பெட்டி வெளியே நின்றே ஆக வேண்டும். அன்றைக்கு என் பாயில் ஒன்றும் வெளியே நிற்கவில்லை. குறை தெரியவில்லை என்று நான் கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துப் பூரித்த அந்த மட்டம்தான், ஒரு பெட்டி போய்விட்டது என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. ஓர் அடுக்கில் நகத்தை வைத்து எண்ணியதுமே பலகைக்காரருக்கு அது கேட்டிருக்கும். பதினொண்ணு என்று அவர் சொன்னதுமே, இடுப்பில் குடத்தோடு நின்ற அம்மாவுக்கும் கேட்டிருக்கும். கேட்காத ஆள் நான் ஒருத்திதான். வெளியே நிற்க வேண்டிய அந்த ஒன்றை அவர் தன் பையிலிருந்து எடுத்து, அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்கு அவர் வண்டி கிளம்பியபோது நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருமுனைக்குப் போனதும் வழக்கம்போல ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். சட்டைப்பையைத் தடவி ஒரு குச்சியை எடுத்தார். எடுத்த பிறகுதான் உரசப் பெட்டி இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்கும். குச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைத் திரும்பப் பையில் போட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, மருந்து பூசாத எங்கள் வெறும் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தார். வண்டி திரும்பியது.

நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே வந்தேன்.